உமக்காகவே மலையேறும் வக்கீல்

வக்கீல் வைகுண்டராஜ் அவர்களுக்கு நான் பதினோரு ரூபாய் கடன்பட்டிருந்தேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது, "வக்கீலுக்குப் பணம் பாக்கி வைத்திருந்த ஆள்தானே, அந்தக் காந்தலில் எழுதியிருக்கிறான்" என்று கிளப்பிவிடுவார்கள். கடன் பட்டது உண்மை. தீர்த்ததும் உண்மை. எங்கே வைத்து, யார் யார் முன்னிலையில் தீர்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் நீங்கள் ஒரு தினுசு மனிதரோடு பழகிக்கொள்ள வேண்டும். அந்தத் தினுசுக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன்: இருராஜ்ய வக்கீல்.

பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் ஒற்றை மாட்டு வண்டியில் புண்ணாக்கு ஏற்றித் தொழிலைத் தொடங்கி, இன்றைக்குக் கம்பத்திலிருந்து பீர்மேடு வரைக்கும் மலையேறும் பஸ்ஸுக்கு முதலாளியாக நிற்கிறேன். படித்தவர்கள் பத்துப் பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். ஆகையால் மனிதரை எடைபோடுவதில் நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு மலை. மலைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சர்க்கார், அந்தப் பக்கம் திருவாங்கூர் சமஸ்தானம். இங்கே ரூபாயும் அணாவும், அங்கே சக்கரமும் காசும். இங்கே ஒரு சட்டம், அங்கே வேறு சட்டம். ஒரு மாடு இந்தப் பக்கம் மேய்ந்து அந்தப் பக்கம் போய்ச் சாணி போட்டால், அந்தச் சாணி யாருடையது என்று தெரிந்துகொள்ள இரண்டு சட்டப் புஸ்தகங்களைப் புரட்டவேண்டும். அந்த இரண்டையும் புரட்டத் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர்தான் இருராஜ்ய வக்கீல். புரட்டினாரா என்று யார் பார்த்தது?

அவர் பெருமையின் சூட்சுமம் மிக எளிது. கம்பத்தில் நின்றுகொண்டு, "சமஸ்தானத்துச் சட்டமே வேறு, உமக்குச் சொன்னால் விளங்காது" என்பார். பீர்மேட்டில் போய் நின்றுகொண்டு, "சென்னை மாகாணத்துச் சட்டமே வேறு, இங்குள்ளவர்களுக்கு விளங்காது" என்பார். இந்தப் பக்கம் இருக்கும்போது அந்தப் பக்கத்துப் புலி, அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கத்துப் புலி. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நிற்க எவனாலும் முடியாதாகையால், புலியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவன் கிடையாது.

அவரை அடையாளம் காண்பது சுலபம். சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர் இருக்கும். மலைக்குப் போய்வருகிற ஆள் என்று கண்டவுடனே தெரியவேண்டாமா? பேச்சில் நடுநடுவே "எந்தா", "மதி" என்று இரண்டு மலையாளச் சொற்களை ஏலக்காயைப் போல நசுக்கிப் போடுவார். கட்சிக்காரன் வந்து உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பார். பெருமூச்சு ஒன்று வரும். அப்புறம் அந்த வாக்கியம் வரும்: "இந்த மாதம் எனக்கு மேலே வேறு கேஸே கிடையாது. உமக்காகவே மலையேறுகிறேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பணம். பீஸ் என்று அவர் வாங்குவது சொற்பம். கேட்டவர்கள், "இவ்வளவு குறைச்சலா?" என்று அசந்துபோய் வக்காலத்தில் கைநாட்டு வைத்துவிடுவார்கள். அதன்பிறகு படிகள் ஆரம்பிக்கும். வண்டி கட்டிப் போகிறாரல்லவா, அதற்கு வண்டிக்கூலி. மேலே குளிரல்லவா, அதற்குக் குளிர்ப் படி. எல்லையைத் தாண்டுகிறாரல்லவா, அதற்கு எல்லைப் படி. மலையாளத்தில் வாதாடுகிறாரல்லவா (மேலே சொன்ன இரண்டு சொற்களால்தான்), அதற்கு நாக்குக் கூலி என்று பேர் வைக்க முடியாமல் 'மொழிச் செலவு'. இவை போதாதென்று ஓடைப்பட்டித் திராட்சைக் கூடை, சுருளிப்பட்டி நெய், மலைத்தேன், கார்த்திகைக்குக் கம்பளி. எந்தச் சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கு இத்தனை சலுகை உண்டு? அதுவும் வாய்தாவுக்கு வாய்தா உண்டு. வழக்கு முடிந்துவிட்டால் இத்தனையும் நின்றுபோகும் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். அவர் கவனித்திருந்தார்.

சில்லறையிலும் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. நம்முடைய ரூபாய்க்கு அங்கே இருபத்தெட்டரைச் சக்கரம். சமஸ்தானத்து ரூபாய்க்கு இருபத்தெட்டுத்தான். யாராவது அவருக்குச் சக்கரமாகக் கொடுத்தால், ரூபாய்க்கு இருபத்தெட்டரை என்று எண்ணி வாங்குவார். மீதியைச் சக்கரமாகத் திருப்பித் தரும்படி நேர்ந்தால், ரூபாய்க்கு இருபத்தெட்டு என்று எண்ணி முடித்துவிடுவார். அந்த அரைச் சக்கரம் மலையில் எங்கேயோ உருண்டு விழுந்துவிடும்.

ஜனங்கள் ஏன் கொடுத்தார்கள் என்கிறீர்களா? நம் ஆட்களைப் பற்றித் தெரியாதவர்போலக் கேட்காதீர்கள். மலிவான வக்கீல் வைத்திருக்கிறேன் என்று எவனாவது டீக்கடையில் சொல்வானா? "எங்க வக்கீலுக்கு வண்டிக்கூலியே நாலு ரூவா" என்று சொல்லும்போது தோற்றுக்கொண்டிருக்கிற கேஸ்கூட ஜெயித்ததுபோல் இருக்கிறது. அவர் விற்றதில் பாதி, வாங்கினவனின் பவிசு.

இனி என் பதினோரு ரூபாய்க்கு வருகிறேன். பஸ்ஸுக்குச் சமஸ்தானத்துப் பர்மிட் வாங்க மனு எழுதிக் கொடுத்தவர் வைகுண்டராஜ் அவர்களே. எழுத்துக்கூலி பதினோரு ரூபாய் ஆயிற்று. நான் எடுத்து நீட்டினேன். அவர் என் கையை மெதுவாகத் தள்ளினார். "நமக்குள் என்ன அவசரம்? அது கடனாகவே நிற்கட்டும். அது நிற்கிறவரைக்கும் உம்முடைய முன் சீட்டில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார். வந்த பணத்தை அவர் கை தள்ளியதை அன்றுதான் கண்டேன். அப்புறம் நான் எத்தனை தடவை நீட்டியும் தள்ளிக்கொண்டே இருந்தார். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு அவருடைய சீட்டாயிற்று. டிக்கெட் கிடையாது. மாதாமாதம் கடைசி வியாழக்கிழமை தம்முடைய மேல்நாட்டுக் கேஸ்களையெல்லாம் ஒரே நாளில் விழும்படி வாங்கிக்கொண்டு, மப்ளரைக் காதுவரைக்கும் சுற்றி, பேப்பரை விரித்துப் பிடித்து உட்கார்ந்து போய் வருவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பி.ஏ., பி.எல். படித்தவர் நம் வண்டியில் வருகிறார் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜப்பான்காரனிடம் பர்மா விழுந்த வருஷம், சுருளிப்பட்டி மொக்கம்மாள் என் ஷெட்டுக்கு வந்தாள். புருஷன் இல்லாதவள். காளை ஜோடியும் வண்டியும்தான் சொத்து. ஒரு துண்டு நஞ்சையைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒங்க பஸ்ஸு பீர்மேட்டுக்குப் போகுதுல்ல?"

"போகுது ஆத்தா. ஒனக்கென்ன அங்கன சோலி?"

"எங் காளைக ரெண்டும் குமுளிச் சுங்கச் சாவடியில கட்டிக் கெடக்குதுகண்ணே. என் தம்பி கருத்தக்கண்ணன் வைக்கோலுக்குள்ள பொகயில கட்டு ஒண்ணை வச்சு ஓட்டிக்கிட்டுப் போயிருக்கான், தீர்வை கட்டாம. வண்டியோட பிடிச்சுப்புட்டாக. நாலு வாய்தா ஆச்சு. இந்த வியாழக்கெழமையும் முடியலைன்னா ஏலத்துல விட்டுருவாகளாம். ஆத்துல தண்ணி விட்டாச்சு. எதை வச்சு உழுவேன்?"

"வக்கீலு யாரு?"

"வைகுண்டராஜ் ஐயாதான். நீ வர வேணாம், குளுரு ஒத்துக்கிறாதுன்னாக. பாவம், எனக்காகவே தனியா வண்டி கட்டிப் போறாக. வாய்தாவுக்கு நாலு ரூவா வண்டிக்கூலி."

"வண்டியா?"

"பின்ன, நடந்தா போவாக?"

அந்த நாலு வாய்தாவுக்கும் வைகுண்டராஜ் அவர்கள் மலையேறியது என் முன் சீட்டில். நான் மாட்டு வண்டியில் பிழைத்தவன். வேறு எதில் வேண்டுமானாலும் பொய் சொல்லட்டும், வண்டிக்கூலியில் பொய் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

புத்தகம் படித்தவனாக இருந்தால் பெட்டிஷன் எழுதியிருப்பான். நான் தமுக்கடிக்கிறவனைக் கூப்பிட்டேன். சந்தை நாளன்று கம்பத்தில் அறிவிப்புச் செய்தேன்: வருகிற வியாழக்கிழமை பீர்மேட்டுக் கோர்ட்டில் வழக்குள்ளவர்களுக்குப் பாதி டிக்கெட். ஐயா, பாதி டிக்கெட் என்றால் வழக்கில்லாதவன்கூட வழக்குப் போட்டுக்கொண்டு வருவான். மொக்கம்மாளையும் சேர்த்து ஐந்து வழக்குக்காரர்கள் வந்து ஏறினார்கள். எல்லோரும் பின்வாசலால் ஏறினவர்கள். முன் சீட்டில் தெரிந்தது ஒரு மப்ளரும் விரித்த பேப்பரும்தான். மப்ளரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இருக்கிறவர்களைப் பார்ப்பது முன் சீட்டுக்கு அழகில்லை.

யுத்த காலத்தில் பெட்ரோல் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸின் முதுகில் பெரிய பீப்பாய் அடுப்பைக் கட்டி, அடுப்புக்கரியை எரித்து, அதில் வரும் காற்றில்தான் வண்டி ஓடிற்று. சமவெளியில் ஓடும். லோயர் கேம்ப் தாண்டி வளைவு தொடங்கியதும் இருமும். மூன்றாவது வளைவில் நின்றுவிடும். உடனே ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். இது எழுதாத சட்டம். நோயாளிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் முன் சீட்டுக்கும் மட்டும் விலக்கு.

அன்றைக்கும் நின்றது. நானும் இறங்கினேன், முதலாளி என்று நான் உட்கார்ந்திருக்கிற வழக்கமில்லை. ஐந்து பேரும் பஸ்ஸின் முதுகில் அடுப்புச் சூடு படாத இடமாகப் பார்த்துக் கையை வைத்தார்கள். தள்ளுகிறபோது வாய் சும்மா இருக்குமா?

"எந்த வக்கீலு ஒங்களுக்கு?" என்று ஓடைப்பட்டி நல்லகண்ணு கேட்டார். அவருக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் வரப்புத் தகராறு.

"வேற யாரு? வைகுண்டராஜ் ஐயாதான்" என்றார் மார்க்கையன்கோட்டை தங்கபாண்டி. எஸ்டேட்டுக்கு அரிசி அனுப்பிவிட்டுப் பணம் வராமல் தவிக்கிறவர்.

"அட, நமக்கும் அவுகதான். ஆனா இந்த மாசம் வேற கேஸே கெடையாது, ஒமக்காகவே மலையேறுறேன்னு சொன்னாகளே."

"எங்கிட்டயும் அதைத்தான் சொன்னாக."

"வண்டிக்கூலி எம்புட்டுக் குடுக்குறீக?"

"நாலு."

"நாலுதானா?" நல்லகண்ணுவின் மீசை நிமிர்ந்தது. "நான் அஞ்சு. எனக்கு வில்வண்டி பூட்டிப் போறாக."

மற்ற இரண்டு பேரும் தங்கள் தொகையைச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் யார் அதிகம் கொடுத்தது என்பதில் போட்டி நடந்தது. என் கண்ணால் பார்த்தேன், அந்தப் போட்டியின் வேகத்தில் பஸ் ஒரு கஜம் தானாக ஏறிற்று.

மொக்கம்மாள்தான் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "இருங்க. அஞ்சு பேரு அஞ்சு வண்டிக்குக் குடுக்குறோம். வக்கீலய்யா ஒருத்தரு. அஞ்சு வண்டியிலயும் எப்படி வருவாக?"

"ஒவ்வொரு வண்டியிலயும் ஒவ்வொரு காலை வச்சுக்கிட்டு வருவாகளோ என்னமோ" என்றார் தங்கபாண்டி.

"காலு ரெண்டுதான இருக்கு. மிச்ச மூணு வண்டியில எதை வச்சாக?"

ரோட்டில் முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஒரு வண்டியையும் காணோம். தங்கபாண்டி மறுபடி குனிந்து தள்ளினார். "தள்ளுங்கப்பா, கோர்ட்டு நேரமாச்சு. முன்சீட்டுல ஒரு பெரிய மனுசன் எறங்காம ஒக்காந்திருக்கான் பாருங்க. அவன் கனமே ஒரு மூடை இருக்கும்."

மொக்கம்மாளுக்கு ஏலமும் காளையும்தான் கண்ணுக்குள். நேரே முன்னால் போனாள். "ஏன்யா மப்ளருக்காரரே, ஒடம்புக்கு நோவா? இல்லேன்னா எறங்கி ஒரு கை குடும். பொம்பளை நானே தள்ளுறேன்ல."

பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அவள் அதன் ஓரத்தைப் பிடித்துக் கீழே இறக்கினாள். இறக்கியவள் அப்படியே நின்றாள். சண்டை போடவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டாள்:

"ஐயா, வண்டியில வரலையா?"

மற்ற நாலு பேரும் பஸ்ஸிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். டிரைவர் ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். வைகுண்டராஜ் அவர்கள் பழக்கதோஷத்தில் மலையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், "உமக்காக..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் ஓடவில்லை. ஐந்து முகத்தில் எந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது?

சட்டம் படித்தவர், சும்மா விடுவாரா? "பஸ்ஸும் வண்டிதான். வண்டிக்கூலி என்றால் மாட்டு வண்டிக்கு மட்டும் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது" என்றார்.

"அப்பச் சரி, டிக்கெட்டைக் காமிங்க" என்றார் நல்லகண்ணு. வில்வண்டிக்கு ஐந்து ரூபாய் அழுதவர் கையை நீட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. "அந்தச் சீட்டுக்கு டிக்கெட் கெடையாதுங்க. ஐயாவுக்கு நான் பதினோரு ரூவா கடன். அது தீருற வரைக்கும் ஓசி" என்றேன்.

டிரைவர் ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். தங்கபாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். வக்கீலுக்கு மலைக்குளிரில் வேர்த்தது. அன்றுதான் அவர் மப்ளரைக் கழற்றினார். அடி விழுந்திருக்கும். தடுத்தது மொக்கம்மாள்தான்.

"இவுகளை அடிச்சுப்புட்டா அங்கன யாரு பேசுவா? எங் காளைக ஏலத்துல போயிரும். சண்டையைச் சாயங்காலம் வச்சுக்கிருங்க. இப்ப எறங்கித் தள்ளச் சொல்லுங்க."

வைகுண்டராஜ் அவர்கள் இறங்கினார். கறுப்புக் கோட்டை மடித்துச் சீட்டில் வைத்தார். ஒரு பக்கம் மொக்கம்மாள், மறுபக்கம் நல்லகண்ணு, நடுவில் இரண்டு ராஜ்யத்துச் சட்டமும் தெரிந்த கை இரண்டு. மூன்று வளைவு தள்ளினார். குறை சொல்லக்கூடாது, நன்றாகவே தள்ளினார்.

அன்று பீர்மேட்டுக் கோர்ட்டில் நடந்ததைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது. மொக்கம்மாள் வழக்கு வந்ததும் வைகுண்டராஜ் எழுந்தார். மாஜிஸ்திரேட்டு அவரைப் பார்த்ததுமே அடுத்த தேதியை எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். வக்கீல் பின்னால் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், என்னோடு சேர்த்து ஆறு. "வாய்தா வேண்டாம்" என்றார். மாஜிஸ்திரேட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்பதுபோல அவரை ஏற இறங்கப் பார்த்தார். கால் மணியில் தீர்ப்பு ஆயிற்று. தீர்வையும் அபராதமும் சேர்த்துப் பதினாலு ரூபாய். சாவடி அடைப்பதற்குள் கட்டினால் காளையையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு போகலாம். கட்டாவிட்டால் விடிந்ததும் ஏலம். இந்தக் கால் மணி வேலைக்காக நாலு மாதம் அந்த வாயில்லாத ஜீவன்கள் மலைக்காற்றில் நின்றிருக்கின்றன.

இந்த இடத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். நமக்கும் மப்ளருக்கும் என்ன சம்பந்தம் என்று தைரியமாக இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். போன மாதம் போடிச் சந்தைக்கு மிளகாய் விற்கப் போனீர்களே, போகிற வழியில் தங்கை வீட்டுக்குள் நுழைந்து, "ஒன்னைப் பாக்கத்தான் ஆத்தா இம்புட்டுத் தூரம் வந்தேன்" என்று சொல்லி, கறிச்சோறு சாப்பிட்டீர்களா இல்லையா? அதே நடையில் சம்பந்தி வீட்டில் துக்கம் விசாரித்து, "கேட்டவுடனே போட்டது போட்டபடி ஓடியாந்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டீர்களா இல்லையா? அப்புறம் பாக்கிக்காரன் வாசலில் நின்று, "ஒனக்காக ஒரு நாள் சோலி கெட்டுப்போச்சு" என்று முறைத்தீர்கள். ஒரு பயணம், மூன்று வீடு, மூன்று பேருக்கும் தனித்தனி வண்டி. இந்த மூன்று பேரும் என்றைக்காவது ஒரு கரி பஸ்ஸில் சேர்ந்து ஏறினால் உங்கள் கதி என்ன? என் பஸ் தினமும் ஓடுகிறது. மூன்றாவது வளைவில் தவறாமல் நிற்கிறது. வீட்டில் மப்ளர் ஒன்று இருக்கிறதா என்று எதற்கும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் குமுளிச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினேன். பின்புறம் காளைகள் இரண்டும் கட்டிக் கிடந்தன. மயிலைக் காளைக்கு விலா எலும்பு தெரிந்தது. மொக்கம்மாளின் குரலைக் கேட்டுச் செவலை எழுந்து நின்றது. சாவடிச் சேவகன் மலையாளத்தான். "பிழ அன்னைக்கே அடைச்சிருந்தா அன்னைக்கே கொண்டுபோகாமல்லோ. இதுக்கு வக்கீல் எந்தினா?" என்றான். பிழ என்று அவன் சொன்னது அபராதத்தை. அந்த மலையாளத்துக்கு மொழிச் செலவு யாரும் கேட்கவில்லை.

அவளிடம் பதினாலு ரூபாய் ஏது? இருந்ததெல்லாம் வண்டிக்கூலியாகப் போய்விட்டது. நேரே வக்கீல் முன்னால் வந்து நின்றாள். "இன்னைக்குள்ளதை நான் இன்னும் குடுக்கலை. முன்ன நாலு வாய்தா, நாலு நாலு ரூவா. பதினாறையும் குடுத்துருங்கய்யா. பீஸை நான் கேக்கலை. அது நீங்க பேசுனதுக்கு." மற்ற நாலு பேரும் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

"கையில் அவ்வளவு இல்லை. கம்பம் போய்க் குமாஸ்தாவிடம்..." என்றார் அவர். சாவடிக்காரன் பூட்டை எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் நான் என் கடனைத் தீர்த்தேன். மடியிலிருந்து எடுத்து நீட்டினேன். தள்ளுவதற்கு அவர் கை தானாக எழுந்தது. ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் பாதியில் நின்று, மெல்ல விரிந்தது. பதினோரு ரூபாய், எல்லாம் நம் ஊர் ரூபாய், ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். "கணக்குத் தீர்ந்தது ஐயா. எறங்குறப்ப டிக்கெட் எடுத்துக்கிருங்க" என்றேன். அந்தப் பதினொன்றை அவர் பக்கத்தில் மொக்கம்மாள் நீட்டியிருந்த கைக்கு மாற்றினார்.

மீதி ஐந்து. சட்டைப்பையில் இருந்ததைத் துழாவி, சமஸ்தானத்து வெள்ளியாக ஐந்து ரூபாய்க்கு எடுத்து வைத்தார். "சரியாகப் போயிற்று" என்றார்.

மொக்கம்மாள் கையை மூடவில்லை.

"ரூவாய்க்கு அரைச் சக்கரம் கொறையுதுங்கய்யா. எங்கிட்ட வாங்குறப்ப இருபத்தெட்டரைன்னுதான எண்ணுனீக."

அவர் மலையைப் பார்த்தார். பெருமூச்சு வரவில்லை. கோட்டுப் பையில் கையை விட்டு ஒரு சக்கரத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். இன்னொன்றைத் தேடி எடுத்து வைத்தார். அவள் கை அப்படியே இருந்தது. கடைசியில், மறுபடி சுற்றியிருந்த மப்ளரின் ஓரத்து முடிச்சை அவிழ்த்தார். அதற்குள் இருந்தது அரைச் சக்கரத்துக்கான செம்பு எட்டுக்காசு ஒன்று. அதையும் வைத்தார்.